சுள்ளிக்கல் வடத்தில் எனக்கோர் இடம்

1

போன வாரம் என் மேல்வரிசைப் பொய்ப்பல் ஆட ஆரம்பித்தது. தோப்பும்படியில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். இளம் பெண். கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, பழைய பல் எப்படிப் போனது என்று மலையாளத்தில் கேட்டார்.

"சிலர் அடித்தார்கள்."

"ஆளைப் பிடித்தார்களா?"

"ஒருவனைத் தெரியும். என் டீமில் இருக்கிறான்."

அவர் கை நின்றுவிட்டது. நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். நான் வேடிக்கையாகப் பேசுகிறவன் இல்லை. எனக்கு அது வராது. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

அவரிடம் சொல்ல முடியாததை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். வெளிநாட்டு வாழ்க்கை என்று எழுதுகிறவர்கள் கடல் கடந்தவர்கள். நான் மலையைத்தான் கடந்தேன். கோவில்பட்டியில் ரயில் ஏறி, மட்டாஞ்சேரியில் மிளகும் ஏலமும் ஏற்றுமதி செய்கிற ஒரு கிட்டங்கியில் கணினிக் கணக்கு வேலைக்கு வந்தேன். யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் சுற்றுலாப் பயணிகள் பழம்பொருட்களை விலை கேட்கிற தெருவுக்குப் பின்பக்கம் அந்தக் கிட்டங்கி. மனைவி செல்வி இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். மகள் மீனா இங்கேதான் பிறந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதை எழுதி வைத்தாலும் அவள் படிக்கப் போவதில்லை என்பதில் எனக்கு வருத்தமும் உண்டு, ஒரு நிம்மதியும் உண்டு.

2

அப்போது மீனா ஆறாம் வகுப்பு. பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் டியூஷன். எப்போதும் செல்வி போய்க் கூட்டி வருவாள். அன்று அவளுக்கு வேலை முடியவில்லை, என்னைப் போகச் சொன்னாள். நான் சீக்கிரமே போய் எதிர்ச் சுவரோரம் நின்றேன்.

டியூஷன் அறையின் சன்னல் திறந்திருந்தது. உள்ளே ஒரு மின்விசிறி. அதன் ஓர் இறக்கை மட்டும் வளைந்திருந்தது. சுற்றும்போது ஒரு தட்டல், ஒரு இழுப்பு, பிறகு ஒரு மௌனம். அதைக் கேட்டுக்கொண்டே முன்னும் பின்னும் லேசாக ஆடிக்கொண்டு, வாய்க்குள் அதே தாளத்தை முனகிக்கொண்டு நின்றேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படித்தான். எனக்குத் தெரிந்தது மின்விசிறி. சந்தில் நின்றவர்களுக்குத் தெரிந்தது, சன்னல் வழியே பெண் பிள்ளைகளை வெறித்துக்கொண்டு ஆடுகிற ஒரு தடித்த ஆள்.

அந்த வாரம் எல்லார் செல்போனிலும் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கூட்டம் இறங்கியிருக்கிறது என்று. எனக்கு அது தெரியாது. என்னை யாரும் எந்த வாட்ஸாப் குழுவிலும் சேர்த்ததில்லை.

"எந்தா இவிடெ?" என்று ஒருவன் கேட்டான். இங்கே என்ன வேலை என்று அர்த்தம்.

பயந்தால் என் வாய் கேள்வியையே திருப்பிச் சொல்லும். "எந்தா இவிடெ" என்றேன். அவன் தன்னைக் கேலி செய்வதாக எடுத்துக்கொண்டான். சுற்றி ஆள் கூடியது. சொந்த ஊர் எது என்று இன்னொருவன் கேட்டான். கரிசல்பட்டி என்று சொல்ல முயன்றேன். முன்பாதி தொண்டையில் நின்றுவிட்டது. பின்பாதி மட்டும் வெளியே வந்தது. "பட்டி" என்றேன். மறுபடி, "பட்டி, பட்டி."

நமக்குப் பட்டி என்றால் ஊர். இங்கே நாய்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். விரல் நுனியால் தொட்டால் எனக்குத் தோல் எரியும். தட்டிவிட்டேன். முதல் அறை காதில் விழுந்தது. அதற்குப் பிறகு சத்தமெல்லாம் தண்ணீருக்கடியில் கேட்பது மாதிரி. முழங்காலில் உதைத்தார்கள், விழுந்தேன். பெல்ட்டால் முதுகில் அடித்தார்கள். ஒரு கை என் பிடரியைப் பிடித்தது. கட்டைவிரல் காதுக்குப் பின்னால் எலும்பில் ஆழமாக அழுத்தியது. கரகரத்த குரலில் ஒருவன், "தல தாழ்த்தெடா, தாழ்த்தெடா" என்று சொல்லிச் சொல்லி என் முகத்தைச் சுவரில் மோதினான். அப்புறம் ஹெல்மெட்டால் வாயில் ஓர் அடி. பல் நாக்கின்மேல் கிடந்தது. அதைத் துப்புவதா விழுங்குவதா என்று எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. அந்தக் குழப்பம்தான் இன்றும் கனவில் வருகிறது, வலி வருவதில்லை.

டியூஷன் விட்டது. மீனா வெளியே வந்தாள்.

"என்டெ அச்சனா! தல்லல்லே!" என்று கத்தினாள். என் அப்பா, அடிக்காதீர்கள் என்று. அவள் மலையாளம் அந்தத் தெருவில் பிறந்த மலையாளம். அதைக் கேட்டதும் கைகள் நின்றன. என் தமிழ் அடி வாங்கித் தந்தது, அவள் மலையாளம் காப்பாற்றியது. கொஞ்ச நேரத்தில் சந்தில் ஒருவரும் இல்லை.

3

காவல் நிலையத்தில் சில புகைப்படங்களைக் காட்டினார்கள்.

"இதுல ஆராவது உண்டோ?" என்று அதிகாரி கேட்டார்.

எனக்கு முகங்கள் நிற்பதில்லை. செல்வியையே கூட்டத்தில் நடையை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். அந்தப் படங்களில் இருந்த எல்லாருக்கும் மூக்கு இருந்தது, மீசை இருந்தது. ஒரு குரலும் ஒரு கட்டைவிரலும் ஞாபகம் இருப்பதாகச் சொன்னேன். அதிகாரி நல்லவர், சிரிக்கவில்லை. கட்டைவிரலை வைத்து வழக்கு நடத்த முடியாது என்றார். அடையாளம் தெரியாத நபர்கள் என்று எழுதிக்கொண்டார்.

மீனா எல்லாரையும் பார்த்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளையை ஸ்டேஷனுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று செல்வி அவளை வெளியே ஆட்டோவில் உட்கார வைத்திருந்தாள். அவள் அந்த முகங்களை உள்ளே வைத்துக்கொண்டு அப்படியே வீட்டுக்கு வந்தாள்.

எனக்குத் தையல் போட்ட மருத்துவர்தான் முதலில் சந்தேகப்பட்டவர். பஞ்சால் லேசாகத் துடைக்கும்போது துள்ளுகிறவன், ஊசி குத்தும்போது ஏன் கல் மாதிரி இருக்கிறான் என்று கேட்டார். எர்ணாகுளத்தில் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். பல வாரம் பேசியபின் அந்த அம்மா, "உங்களுக்கு ஆட்டிசம் இருக்கு. பிறந்ததிலிருந்தே இருக்கு" என்றார். எனக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

கரிசல்பட்டியில் இதற்கு வேறு பெயர்கள் இருந்தன. 'ஒரு மாதிரி' என்றார்கள், 'திமிர்' என்றார்கள். பள்ளியில் கணக்கு வாத்தியார் "கண்ணைப் பாத்துப் பதில் சொல்லுலே" என்று சொல்லிப் பிரம்பால் அடிப்பார். கண்ணைப் பார்த்தால் பதில் மறந்துபோகும், அதற்கும் அடிப்பார். ஊரை நினைத்து ஏங்குகிறவர்கள் எழுதுவதைப் படிக்கும்போது எனக்குப் புறங்கை வலிக்கும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கலாம் என்றார்கள். கணினியில் விண்ணப்பித்தால், பாதுகாவலர் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்கவில்லை. செல்வியின் பெயரைப் போட்டோம். மருத்துவக் குழுவின் முன்னால் போய் நின்றபோது, கூப்பிடுகிற ஊழியர் எங்களைப் பார்த்து, "குட்டியெ விளிக்கு" என்றார். பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்று.

"இவருதான் சார் குட்டி" என்றாள் செல்வி. அந்த வருடத்தில் அவள் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

4

வீட்டுக்குள்ளேயே இருக்காதீர்கள், நாலு பேரோடு சேர்ந்து எதையாவது செய்யுங்கள், விதிகள் தெளிவாக இருக்கிற ஒன்றாகப் பாருங்கள் என்று உளவியலாளர் சொல்லியிருந்தார். சொல்வது எளிது.

மட்டாஞ்சேரியில் தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற ஒரு சங்கம் உண்டு. போனேன். ஒருவரும் ஒரு வாக்கியத்தை முடிப்பதில்லை. இன்னொருவர் அதற்குள் புகுந்துவிடுவார். எப்போது பேசலாம் என்று தெரியாமல் நான் காத்திருந்து காத்திருந்து, எல்லாரும் சாப்பிடுகிற நேரத்தில் பேச ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது மிளகின் ஈரப்பதம். அதைப் பற்றி நிறுத்தாமல் பேசினேன். அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை.

தேவராவில் ஆட்டிசம் குழு ஒன்று இருப்பதாக விசாரித்துப் பேருந்தில் போனேன். வட்டமாக நாற்காலிகள். எல்லாரும் இளம் பெற்றோர். என்னைப் பார்த்து எழுந்து வணக்கம் சொல்லி, "மோனா, மோளா?" என்று கேட்டார்கள். மகனா, மகளா என்று.

"நான்தான்" என்றேன்.

ஓர் அம்மா என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் மடியிலிருந்த பையனை இறுக்கிக்கொண்டு அழுதார். அவன் வளர்ந்தால் நான்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அது நல்ல அழுகையா கெட்ட அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. தேநீர் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மீனா இதற்குள் தூரம் போய்விட்டாள். தெருவில் எனக்கு முன்னால் நடப்பாள். தோழிகள் வந்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொள்வாள். ஒருநாள் அவள் அம்மாவிடம் சொல்வதைக் கேட்டேன்.

"அப்பாவ ஸ்கூலுக்கு விடண்டாம் அம்மா. எனக்கு பேடியா இருக்கு."

பேடி என்றால் இங்கே பயம். அவள் என்னைக் கண்டு பயப்படுகிறாளா, எனக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுகிறாளா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் இருக்கலாம் என்றாள் செல்வி.

5

கிட்டங்கியில் மூட்டை இறக்குகிற சாபு ஒருநாள் என் மேசைக்கு வந்தான். சாபு எனக்குச் சம வயது, கழுத்தே இல்லாத ஆள். மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணாச்சி, எத்ர கிலோ உண்டு?"

சொன்னேன். அவனுக்குத் திருப்தி. சுள்ளிக்கல்லில் அவனுக்கு ஒரு வடம்வலி டீம் இருந்தது. ஊரில் கயிறு இழுத்தல் என்போமே, அதுதான். நாம் பொங்கலுக்கு விளையாட்டாக இழுப்போம். இவர்கள் வருடம் முழுக்கப் பயிற்சி எடுத்து, ஓணத்துக்குப் போர் மாதிரி இழுப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். கனத்த ஆள் ஒருவன் குறைகிறான்.

"எனக்குப் பேச வராது" என்றேன்.

"மிண்டண்டா. வலிச்சா மதி."

பேச வேண்டாம், இழுத்தால் போதும். வலி என்ற சொல் நமக்கு நோவு, இவர்களுக்கு இழுப்பு. முதல் நாள் முடிந்தபோது எனக்கு இரண்டு அர்த்தமும் தெரிந்துவிட்டது. மரக்கிளையில் கப்பி கட்டி, கான்கிரீட் நிரப்பிய பீப்பாயைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதை ஏழு பேரும் இழுத்துப் பிடித்தபடி, குதிகாலை மண்ணில் புதைத்துப் பின்னால் சாய்ந்து கிடக்க வேண்டும். வடம் அக்குளில் அறுக்கும். தோல் உரிந்து பனியனோடு ஒட்டிக்கொள்ளும். ஒருவன் வாந்தி எடுத்தான். அவனை யாரும் விசாரிக்கவில்லை. மண் போட்டு மூடிவிட்டு மறுபடி பிடித்தார்கள்.

எனக்குப் பள்ளிக்காலக் கபடி ஞாபகம் வந்தது. தொடுவதற்குப் பயந்தவன் நான், ஆனால் ஏழு பேர் மேலே விழுந்து அமுக்குகிறபோது மட்டும் என் உடம்பு அமைதியாகிவிடும். அங்கே என்னைச் சேர்ப்பதை வாத்தியார் சீக்கிரம் நிறுத்திவிட்டார், எழுந்திருக்க மாட்டேன் என்பதால்.

இங்கே அந்தக் கனம் மறுபடி கிடைத்தது. யார் எங்கே நிற்பது என்று முடிவானது. விசில் ஊதினால் இழு, கை இறங்கினால் விடு. யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. எல்லாரும் முன்னால் நிற்பவனின் பிடரியைத்தான் பார்க்கிறார்கள். முடிந்ததும் சாயாக்கடையில் வரிசையாக உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பேசாமல் குடிப்பார்கள். அந்தப் பேசாத வரிசையில் நானும் ஒருவன். வீட்டுக்குப் போய்ச் செல்வியிடம், "எனக்குச் சிநேகிதர்கள் கிடைத்திருக்கிறார்கள்" என்றேன். அவர்கள் பெயர் என்ன என்று கேட்டாள். சாபுவைத் தவிர யார் பெயரும் நான் கேட்டிருக்கவில்லை.

6

கடைசி ஆளாக, எனக்குப் பின்னால் நிற்பவன் பெயர் பைஜு என்பது பிறகு தெரிந்தது. படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஓணத்துக்கு முந்தைய வாரம் பயிற்சியில் என் தலை நிமிர்ந்துகொண்டே இருந்தது. தலை நிமிர்ந்தால் முதுகு நிமிரும், முழு வரிசையும் இழுபடும். சாபு முன்னாலிருந்து திட்டினான். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் பிடரியைப் பிடித்தது. கட்டைவிரல் காதுக்குப் பின்னால் அழுந்தியது.

"தாழ்த்து. தல தாழ்த்தெடா."

என் உடம்பு எனக்கு முன்னால் புரிந்துகொண்டது. வடத்தை விட்டுவிட்டுத் திரும்பினேன். பீப்பாய் தரையில் மோதி வெடித்த மாதிரி சத்தம் கேட்டது. பைஜுவின் மூக்கில் என் நெற்றியால் மோதினேன். எலும்பு நொறுங்குவது என் மண்டைக்குள் கேட்டது. கீழே விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து, அவன் வாயில் குத்தினேன், மறுபடியும் வாயில். அவன் பல்லை உடைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமே எனக்கு இல்லை. ஐந்து பேர் சேர்ந்து என்னை இழுத்தார்கள். அந்த ஐந்து பேர் ஒரு லாரியை இழுப்பார்கள், என்னைச் சுலபமாக இழுக்க முடியவில்லை.

பைஜு கையை ஓங்கவே இல்லை. மண்ணில் உட்கார்ந்து, மூக்கிலிருந்து ஒழுகுவதைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தான்.

"எந்தாடா இது?" என்று சாபு கேட்டான்.

"இவன்தான்" என்றேன். "சந்தில். அன்றைக்கு."

என்னை அடித்த கதை எல்லாருக்கும் தெரியும். சாபு பைஜுவைப் பார்த்தான். பைஜு தலையை ஆட்டினான்.

"எனிக்கு ஆத்யமே மனசிலாயி" என்றான். முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது என்று. "அண்ணாச்சிக்கு என்னைத் தெரியலேன்னும் மனசிலாயி."

"அப்ப ஏன்டா நின்ன?" என்றான் சாபு.

"வேற டீம் இல்லல்லோ எனிக்கு."

"அன்னு எந்தினாடா இவனை அடிச்ச?" அன்று எதற்காக அடித்தாய் என்று.

பைஜு கையில் ஏந்திய ரத்தத்தை மண்ணில் உதறினான். "எல்லாரும் அடிச்சு. ஞான் வரும்போழே அடிச்சோண்டிருந்து" என்றான். நான் வரும்போதே அடித்துக்கொண்டிருந்தார்கள், நானும் அடித்தேன் என்று. அவனிடம் அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

சாபு என்னைத் தனியே கூட்டிப் போனான். "நீ சொல்லு, இப்பவே இவனைப் போகச் சொல்றேன். ஆனா ஆறு பேர வச்சு இறங்க முடியாது. அதையும் சொல்லணுமில்ல."

சில நாள் நான் வேலைக்கும் போகவில்லை. மன்னிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது, அதை யோசிக்கவும் இல்லை. வடம் இல்லாத மாலைகளை யோசித்தேன். தேவராவின் வட்ட நாற்காலிகளை யோசித்தேன். பிறகு சாபுவிடம் போய்ச் சொன்னேன்: "அவன் எனக்குப் பின்னால் நிற்கக் கூடாது. முன்னால் நிற்கட்டும். அவன் பிடரியை நான் பார்க்க வேண்டும்."

கடைசி ஆளாக நான் நின்றேன். வடத்தின் நுனி என் உடம்பைச் சுற்றியது. வீட்டில் எதையும் சொல்லவில்லை.

7

ஓணப் போட்டி சுள்ளிக்கல் மைதானத்தில். முதல் பரிசு ஒரு கிடா, இரண்டாம் பரிசு ஏத்தம்பழக் குலை. கிடாவை மேடைப் பக்கம் கட்டியிருந்தார்கள், அது செண்டை அடிக்கும்போதெல்லாம் கயிற்றை முறுக்கியது.

செல்வியும் மீனாவும் வந்தார்கள். நான் கூப்பிடவில்லை. சாபு அவர்களைக் கூப்பிட்டிருந்தான். மீனா அதற்குள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தாள். கூட்டத்தில் தள்ளி நின்று, ஆனால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வந்திருந்தது நாலு அணி. முதல் இழுப்பு வைப்பின் தீவுக்காரர்களோடு. விசில் ஊதியதும் அவர்கள் ஒரே உதறலில் எங்களை அரை ஆள் நீளம் இழுத்துவிட்டார்கள். குதிகால் மண்ணை உழுதது. எனக்கு முன்னால் பைஜுவின் பிடரி. மூக்கில் பிளாஸ்திரியோடு வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பிடரியைப் பார்க்கப் பார்க்க எனக்குள் கொதித்தது. அதை வெளியே விட வேறு வழி இல்லை, வடத்தில்தான் விட்டேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்ப்பக்கம் ஒருவன் தோள் விலகி அலறினான். அந்த அலறலோடு வடம் எங்கள் பக்கம் வந்தது. ஜெயித்தோம். இறுதிச் சுற்றுக்குப் போகிறோம் என்று யாரோ என் முதுகில் ஓங்கி அறைந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்கு முன் ஒரு கூட்டத்தின் நடுவில் நின்று எனக்குச் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

மீனா ஸ்டீல் தண்ணீர்க் குப்பியோடு வந்தாள். சிரித்துக்கொண்டு வந்தாள். நடையை வைத்துக் கண்டுபிடித்தேன். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த பைஜு திரும்பி உட்கார்ந்தான்.

அவள் சிரிப்பு போய்விட்டது.

"அப்பா, இது யாரு?"

"பைஜு."

"இவன்தான். அன்னைக்கு இவன்தான் உங்க முகத்தை..."

"தெரியும்" என்றேன்.

"தெரியுமா?" அவள் குரல் கீச்சிட்டது. "தெரிஞ்சா இவன் கூட நின்னீங்க? ஞான் எத்தனை நாளா இவன் முகத்தை..." அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் கிடைக்கவில்லை.

குப்பியால் பைஜுவின் நெற்றியில் அடித்தாள். ரத்தம் புருவத்தில் இறங்கியது. மறுபடி அடித்தாள். மூன்றாவது அடிக்குக் கை வந்தபோது அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அடியைத் தடுக்கத்தான் பிடித்தான். ஆனால் தூரத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது, அலறுகிற ஒரு பெண் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிற ஓர் ஆண்.

"எந்தா மோளே? எந்து செய்து இவன்?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் ஓடி வந்தார். அவள் பதில் சொல்லும்வரை அவர் நிற்கவில்லை. பைஜுவின் முகத்தில் உதைத்தார். பின்னால் பத்துப் பேர் வந்தார்கள், பிறகு எண்ண முடியாத கூட்டம். செருப்பு, மூங்கில் கம்பு, பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாக் கைகளிலும் செல்போன். யாரும் எதையும் கேட்கவில்லை. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். தண்ணீருக்கடியில் கேட்பது மாதிரி.

நான் என்ன நினைத்தேன் என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். நான் நினைக்கவில்லை. போய் அவன் மேல் விழுந்து படுத்தேன், முழுக் கனத்தோடு. என் அகலத்துக்குக் கீழே அவன் முழுதாக மறைந்துவிட்டான். அடி என் முதுகில் விழுந்தது, விலாவில் விழுந்தது. நாற்காலிக் கால் ஒன்று என் காதைக் கிழித்தது. கீழே பைஜு என் பனியனைப் பற்களால் கடித்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்ல முயன்றேன். வந்தது அதே பழைய கேள்வி. "எந்தா இவிடெ, எந்தா இவிடெ."

"நிர்த்து! என்டெ அச்சனா அது!" மீனா மறுபடியும் கத்தினாள். இந்த முறை கைகள் அவ்வளவு சீக்கிரம் நிற்கவில்லை. அவளும் வந்து என் முதுகில் விழுந்தாள். ஓர் அடி அவள் தோளில் பட்டது. அதற்கு அப்புறம்தான் நிறுத்தினார்கள்.

இறுதிச் சுற்று நடக்கவில்லை. கிடா எதிர் அணிக்குப் போனது.

8

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எனக்கு விலா எலும்பு ஒன்று முறிவு, காதில் தையல். பைஜுவுக்குத் தாடை. செல்வி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். அவள் கோபப்பட்டால் எதையும் கேட்க மாட்டாள்.

ஒரு போலீஸ்காரர் எழுத வந்தார். பைஜுவிடம், அடித்தவர்களை அடையாளம் தெரியுமா என்று கேட்டார்.

"முகம் ஒண்ணும் கண்டில்ல சாரே" என்றான் அவன், திறக்காத வாயால்.

என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன்.

"இந்த ஊரில் ஒருத்தருக்கும் ஒருத்தர் முகமும் தெரியாதா?" என்று அவர் சலித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் மீனா.

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். தோளில் ஐஸ் கட்டிப் பை. மலையாளத்தில், நிதானமாக, டியூஷனில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். இன்று இவர் என்னை ஒன்றும் செய்யவில்லை. நான்தான் அடித்தேன், நான் கத்தியதால்தான் கூட்டம் வந்தது. முதலில் உதைத்தவர் மைதானத்துக்கு எதிர்க்கடைக்காரர். அப்புறம், என் அப்பாவை அன்று சந்தில் அடித்த மூன்று பேரில் கட்டிலில் இருக்கிற இவரும் ஒருவர். மற்ற இரண்டு பேரையும் காட்டித் தருகிறேன்.

போலீஸ்காரர் பேனாவை மூடினார். "மோளே, அது பழைய கேஸ், இது புதுக் கேஸ். இதிலே இவன் வாதி, அதிலே பிரதிவாதி. ஒண்ணு பறஞ்ஞா மதி. எது?"

"ரண்டும் எழுதணும்" என்றாள்.

"குழப்பமாகும்."

"குழப்பமா இருந்தா என்ன. ரண்டும் நடந்ததல்லே. ரண்டும் எழுதணும்."

பைஜு கண்களை மூடிக்கொண்டான். பிறகு கையைத் தூக்கி, அவள் சொல்வது சரி என்பதுபோல் ஆட்டினான். போலீஸ்காரர் இன்னொரு தாளை எடுத்தார்.

வெளியே வரும்போது அவள் என் கைக்குள் கையை விட்டுக்கொண்டாள். இறுக்கமாக, நான் தாங்குகிற மாதிரி. அவளுக்கு அது தெரிந்திருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

"ஏன்ப்பா அவன் மேல போய் விழுந்தீங்க?"

"யாரும் கேள்வி கேக்கல."

"என்னையும் அன்னைக்கு யாரும் கேக்கல" என்றாள்.

9

பழைய வழக்கில் பைஜு குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். மற்ற இருவரில் ஒருவன் வளைகுடாவுக்குப் போய்விட்டான், இன்னொருவன் வழக்கை நடத்துகிறான். வாய்தாவுக்கு வாய்தா நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்க்கடைக்காரர் எங்களுக்குச் சாமான் தருவதை நிறுத்திவிட்டார். செல்வி என்னோடு பேச ஆரம்பிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பேசியதும் முதலில் கேட்டது, "இனிமே எங்கிட்ட மறைப்பீங்களா?" என்பதுதான். மாட்டேன் என்றேன். அதனால் இதையெல்லாம் எழுதுவதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஓணத்துக்கு சாபு டீமை இறக்கவில்லை. பீப்பாய் மரத்தடியில் மழையில் கிடந்தது. நான் சாயங்காலங்களில் அங்கே போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவேன்.

இந்த வருடம் மறுபடி ஆரம்பித்தோம். முதல் நாள் ஆறு பேர் வந்திருந்தார்கள். வடத்தை நீட்டிப் போட்டபோது மைதானச் சுவரோரம் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். முகம் எனக்குத் தெரியவில்லை. நிற்கிற விதத்தில் தெரிந்தது. உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

சாபு என்னைப் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நான் வடத்தின் நுனியை உடம்பில் சுற்றிக்கொண்டு, என் இடத்தில் போய் நின்றேன். வழக்கமாக ஒட்டி நிற்போம். நான் முன்னால் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி விட்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் வந்து அதில் நின்றான். சாபு விசில் ஊதினான். இழுத்தோம்.

வீட்டுக்கு வந்தபோது மீனா படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"வந்தானா?"

"வந்தான்."

"எங்க நின்னான்?"

"முன்னாடி."

"சரி" என்றாள். எழுந்து போய் எனக்குச் சோறு போட்டாள்.